600 அடி தாங்கும் கதவு

சிறைக்குப் போனவனைக் "கம்பி எண்ணுகிறான்" என்பது நம் வழக்கு. அமெரிக்காவில் கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய சிறைகளுக்குள் போனால், பல இடங்களில் எண்ணுவதற்குக் கம்பியே இருக்காது. அறைவாசலில் நிற்பது பெயின்ட் அடித்த ஒரு தகட்டுக் கதவு. முக உயரத்தில் குறுகலாக ஒரு கண்ணாடி, இடுப்பு உயரத்தில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. எட்ட நின்று பார்த்தால் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம் கதவு மாதிரிதான் தெரியும்.

அந்தக் கதவை எப்படி அடித்துப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள், ஆய்வகத்தில் தேறிய கதவு கட்டடத்தில் ஏன் கோட்டைவிடுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடலாம்: தகடு கிழிந்து கதவு தோற்பது அபூர்வம். கதவு மாட்டும் வாசல் நிலை, அந்த நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர், கீல், பூட்டு, கண்ணாடியைப் பிடிக்கும் சட்டம் என்று கதவைச் சுற்றி இருப்பவைதான் முதலில் கைவிடும்.

1971 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடந்தது அதுதான். அங்கே பிளாக்குகளிலிருந்து வரும் நடைபாதைகள் சந்திக்கும் மையத்துக்கு 'டைம்ஸ் ஸ்கொயர்' என்று பெயர். கைதிகள் கூட்டமாக அங்கிருந்த இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கித் தள்ளினார்கள். கேட்டைப் பிடித்திருந்த தண்டில் ஒரு வெல்டிங் பழுதாக இருந்தது. அது விட்டுப்போனதும் கேட் திறந்துகொண்டது. மையம் போனதால் சிறையே கைமாறியது. அங்கே பணியில் இருந்த காவலர் வில்லியம் க்வின் தாக்கப்பட்டு இரண்டு நாள் கழித்து இறந்தார். 13-ம் தேதி மாநிலப் போலீஸ் சுட்டுக்கொண்டே உள்ளே போய்ச் சிறையை மீட்டது. கைதிகளும் ஊழியர்களுமாக மொத்தம் 43 பேர் இறந்தார்கள். கலவரத்துக்கான காரணங்கள் வேறு, ஆழமானவை. ஆனால் ஒரு பிளாக்கோடு நின்றிருக்கக்கூடிய ஒன்று சிறை முழுக்கப் பரவியதற்கு வழிவிட்டது அந்த ஒரு வெல்டிங்.

சுமார் எட்டரை வருடம் கழித்து, 1980 பிப்ரவரி 2 அதிகாலையில், சாண்டா ஃபே அருகே நியூ மெக்சிகோ மாநிலச் சிறையில் கண்ணாடி கைவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார்கள். எளிதில் உடையாது என்று நம்பிப் போட்டது. கைதிகள் அதை அடித்து உடைத்து உள்ளே போனதும் சாவிகளும் கேட் சுவிட்சுகளும் அவர்கள் கையில். அடுத்த ஒன்றரை நாளில் 33 கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

"உறுதியான கேட்", "உடையாத கண்ணாடி" என்று சொல்வது சுலபம். எவ்வளவு அடிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு நேரத்துக்கு உறுதி என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பொதுவான அளவுகோல் வேண்டும். 1990களில், சோதனைத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏஎஸ்டிஎம்-ன் எஃப்33 குழு அந்த அளவுகோல்களை வரிசையாகக் கொண்டுவந்தது. கதவும் நிலையும் சேர்ந்த தொகுதிக்கு எஃப்1450, பூட்டுக்கு எஃப்1577, கீலுக்கு எஃப்1758, கண்ணாடி பொருத்தும் சட்டங்களுக்கு எஃப்1592, கண்ணாடிக்கே தனியாக எஃப்1915, பக்கவாட்டில் நகரும் கதவுகளின் பூட்டுப் பொறிக்கு எஃப்1643. இவற்றுக்குப் பக்கத்தில், கதவை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உற்பத்தியாளர் சங்க விதித்தொகுப்பு எச்எம்எம்ஏ 863. டெண்டர் ஆவணங்களில் 863-உம் எஃப்1450-உம் ஜோடியாகத்தான் வரும். ஒன்று சமையல் குறிப்பு, இன்னொன்று ருசி பார்ப்பது.

ருசி பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.

எஃப்1450-ன் முக்கியமான சோதனை, மோதல் சோதனை. கதவை மட்டும் கொண்டுவந்து நிறுத்திச் சோதிப்பதில்லை. நிலை, கீல், பூட்டு எல்லாம் பூட்டிய முழுத் தொகுதியை, கட்டடத்தில் இருக்கப்போவது போலவே கனமான சுவரில் பதித்து, பூட்டி வைக்கிறார்கள். எதிரே ஊஞ்சல் மாதிரி தொங்கும் ஒரு இரும்பு எடை: 80 பவுண்டு, அதாவது 36 கிலோ சொச்சம். அடிக்கும் முனையின் பரப்பு வெறும் 4 சதுர அங்குலம்; ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. எடையைப் பின்னுக்கு இழுத்து விட்டால் ஒவ்வொரு முறையும் 200 அடி-பவுண்டு ஆற்றலோடு, அதாவது 271 ஜூலோடு, கதவில் வந்து மோத வேண்டும். (இந்த 'அடி' நீளத்தை அளக்கும் அடி. கதவு வாங்கும் அடி வேறு. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டது. கதவுக்கு அந்தக் குழப்பம் கிடையாது.)

கணக்குப் போட்டுப் பார்த்தால் 80 பவுண்டு எடையை 30 அங்குல உயரத்துக்குத் தூக்கி விட்டால் போதும், அந்த ஆற்றல் வந்துவிடும். மோதும்போது வேகம் நொடிக்கு நாலு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, மணிக்கு 14 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம். ஒற்றை அடியாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லை, நல்ல கதவு எதுவும் தாங்கும். கொல்வது எண்ணிக்கை.

தரம் 1 என்றால் பூட்டுப் பக்கத்தில் 600 அடி. தரம் 2-க்கு 400, தரம் 3-க்கு 200, தரம் 4-க்கு 100. கீல் பக்கத்துக்கு முறையே 200, 150, 75, 35. அடிப்பது எந்தத் திசையில் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறை அறைக்கதவு பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே திறந்தால் கைதி மெத்தையையோ தன் முதுகையோ முட்டுக்கொடுத்து ஊழியர் உள்ளே வர முடியாமல் செய்துவிடலாம். வெளியே திறப்பதன் விலை என்னவென்றால், உள்ளேயிருந்து உதைக்கும்போது நிலையின் படிவு, அதாவது மூடும் கதவு வந்து படியும் விளிம்பு, கதவுக்கு முட்டாக நிற்காது. அந்த உதை முழுவதும் பூட்டின் நாக்கிலும் மூன்று கீல்களிலும்தான் இறங்கும். அதனால் ஊஞ்சலும் அந்தப் பக்கத்திலிருந்தே, கதவு திறக்கும் திசையிலேயே அடிக்கிறது.

அடி நூறைத் தாண்டும்போது நாக்கு நுழையும் ஓட்டையின் விளிம்பு மெல்ல நீள ஆரம்பிக்கும். இருநூறு, முந்நூறு தாண்டும்போது அடிபட்ட இடத்தில் தகடு குழிந்து, உள்ளே இருக்கும் வலுவூட்டிகளின் புள்ளி வெல்டிங்குகள் ஒவ்வொன்றாக விடும். விட்டதை வெளியே நின்று பார்க்க முடியாது, காதால் கேட்கலாம்: அடியின் சத்தம் 'தொம்' என்பதிலிருந்து 'டங்' என்று மாறும். அதன்பின் ஒவ்வொரு அடிக்கும் கதவு அதிகமாக வளைந்து கொடுக்கும், நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுபடும். ஒரே அடியில் உடைகிற கதவு இந்தச் சோதனைக்கு வருவதே இல்லை. இங்கே தோற்பவை எல்லாம் களைத்துத் தோற்பவை.

தோற்றதா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். 5 அங்குலத்துக்கு 8 அங்குலம், நீளம் 8 அங்குலம். 127 × 203 × 203 மி.மீ. விறைப்பான பெட்டி. அடித்து உண்டான ஏதாவது ஒரு திறப்பின் வழியாக இந்தப் பெட்டியை 10 பவுண்டு விசைக்கு மேல் தராமல் நுழைக்க முடிந்தால் கதை முடிந்தது. 10 பவுண்டு என்றால் ஒரு கையால் லேசாகத் தள்ளுவது. ஆள் தலையும் தோளும் நுழைய வழி உண்டா என்ற கேள்வியை ஒரு பெட்டியாக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கதவு நசுங்கலாம், பல்லிளிக்கலாம், இனி சாவி போட்டே திறக்க முடியாமல் இறுகிப்போகலாம். பெட்டி போகவில்லை என்றால் தேர்ச்சி. அழகுக்கு மதிப்பெண் கிடையாது.

இந்த நான்கு தரங்களுக்கும் பக்கத்தில் நேரம் எழுதியிருக்கும்: 60, 40, 20, 10 நிமிடம். தவறாகப் படிக்கப்படுவது இதுதான். "தரம் 1 போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும்" என்று சத்தியம் செய்துகொடுப்பது போலச் சொல்கிறார்கள். 600 அடியை 60 நிமிடத்தில் வகுத்தால் நிமிடத்துக்குப் பத்து, ஆறு நொடிக்கு ஒன்று. ஒரு மாதிரித் தாக்குதலுக்கு நேராக வைத்த மாதிரி நேரம் அது. உள்ளே இருப்பவர்கள் கட்டிலின் காலைப் பிடுங்கி நெம்பினால் கணக்கே வேறு. ஆகவே தரத்தைத் தேர்வு செய்வது கைதி எவ்வளவு முரடன் என்பதைப் பார்த்தல்ல. அந்த இடத்தில் தாக்குதல் தொடங்கினால் முதலில் யாருக்குத் தெரியும், ராத்திரி ஷிப்டில் இருக்கிற ஆட்களைக் கொண்டு எத்தனை நிமிடத்தில் போதுமான ஊழியர் வந்து சேர முடியும் என்பதைப் பார்த்துத்தான். எப்போதும் ஆள் நிற்கும் கூடத்தின் அறைக்கதவுக்குத் தரம் 3 போதுமானதாக இருக்கலாம். யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்க நடைபாதையின் கடைசிக் கதவுக்குத் தரம் 1 வேண்டியிருக்கலாம். கட்டடம் முழுக்கத் தரம் 1 என்று எழுதிவிடுவது யோசிக்காமல் காசைக் கொட்டுவது.

மற்ற இரண்டு சோதனைகள் நிதானமானவை. அசையாச் சுமைச் சோதனையில் கதவைப் படுக்கவைத்து இரு முனையிலும் தாங்கிக்கொடுத்து, கால்பங்கு இடங்களில் சுமை ஏற்றுகிறார்கள். தரம் 1, 2-க்கு 14,000 பவுண்டு, அதாவது ஆறேகால் டன்னுக்கும் கொஞ்சம் மேல். தரம் 3, 4-க்கு 11,000. அந்தச் சுமையில் கதவு 0.58 அங்குலத்துக்கு, 14.7 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. சுமையை எடுத்ததும் மீதமுள்ள வளைவு 0.10 அங்குலம், இரண்டரை மி.மீ.தான் இருக்கலாம். முறுக்குச் சோதனையில் கதவின் மூன்று மூலைகளைத் தாங்கி நாலாவது மூலையை அழுத்துகிறார்கள். பெரிய தரங்களுக்கு 7,500 பவுண்டு, சிறிய தரங்களுக்கு 5,500. கீழ் மூலையில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் கதவு எவ்வளவு திருகும் என்பதற்கான பதில் இது. இவை இரண்டும் கதவுப் பலகையின் உடம்பைப் பற்றியவை. தயாரிப்பவர் நேர்மையாகச் செய்திருந்தால் தேறிவிடும்.

அந்த உடம்பு எப்படி இருக்கும் என்று வெட்டிப் பார்ப்போம். கதவின் கனம் 2 அங்குலம். இரு பக்கமும் முகத்தகடு: தரம் 1, 2-க்கு 12 கேஜ், குறைந்தபட்சம் 2.3 மி.மீ.; தரம் 3, 4-க்கு 14 கேஜ், 1.7 மி.மீ. (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதை வெல்டிங் பட்டறைக்குப் போனவர்கள் அறிவார்கள்.) 3 அடிக்கு 7 அடி கதவில் 12 கேஜ் தகடுகள் இரண்டும் மட்டுமே சுமார் 70 கிலோ. நடுவில் மேலிருந்து கீழாக 18 கேஜ் வலுவூட்டிகள், ஒன்றுக்கொன்று 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். ஒவ்வொன்றும் இரண்டு முகத்தகட்டோடும் 3 அங்குலத்துக்கு ஒரு புள்ளி வெல்டிங். மிச்ச இடத்தில் சத்தத்துக்கும் சூட்டுக்கும் கண்ணாடி நார் அல்லது பாறைக் கம்பளி. பக்க விளிம்புகள் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாகப் பற்றவைத்து, அரைத்துச் சமப்படுத்தப்படும்.

இதில் மிச்சம் பிடிக்க ஆசைப்படுகிறவர் தகட்டில் கைவைக்க மாட்டார், மைக்ரோமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். புள்ளி வெல்டிங்கில்தான் கைவைப்பார். 3 அங்குலத்துக்கு ஒன்று 5 அங்குலத்துக்கு ஒன்றாகும். பெயின்ட் அடித்தபின் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு தகடுகளையும் ஒரே உடம்பாகச் சேர்ந்து வேலைசெய்ய வைப்பது அந்தப் புள்ளிகள்தான். அவை விட்டுப்போனால் 2 அங்குலக் கதவு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு மெல்லிய தகடுகளாகிவிடும். வந்திறங்கிய கதவுகளில் ஒன்றை ஏதாவது ஒன்று என்று தேர்ந்து வெட்டிப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது. வெட்டப் போவதில்லை என்றாலும் எழுதிவைக்க வேண்டும்.

இனி நிலை. இந்தக் கட்டுரையை இதற்காகவே தொடங்கினேன் என்று சொல்லலாம்.

நிலையும் 12 அல்லது 14 கேஜ் தகட்டை மடித்துச் செய்ததுதான். மூலைகள் முழுக்க வெல்டிங். தகடு மட்டும் 600 அடிக்கு நிற்காது. சுவரோடு ஒன்றாக்க வேண்டும். அதற்கு இரண்டு வேலை: ஆங்கர், கிரௌட் (குழிவை நிரப்பும் சிமென்ட் கலவை). கட்டுச்சுவர் என்றால் நிலையை முதலில் நிறுத்தி, சுவர் எழும்ப எழும்ப ஆங்கர்களை வரிசைகளுக்குள் பதித்து, நிலையின் குழிவைச் சிமென்ட் கிரௌட் கொண்டு நிரப்பிக்கொண்டே போக வேண்டும். ஏற்கெனவே வார்த்த கான்கிரீட் சுவர் என்றால் வார்க்கும்போதே இரும்புத் தட்டுகளைப் பதித்து, நிலையை அவற்றோடு வெல்டிங் செய்வார்கள்.

தவறு பெரும்பாலும் கிரௌட்டில்தான். விதி தெளிவாக இருக்கிறது: ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு சரிகிறது என்ற அளவு, 4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, கரண்டியால் அள்ளி அடைக்க வேண்டும், பம்ப்பில் ஓடும் அளவுக்குத் தண்ணியாகக் கலந்து ஊற்றக் கூடாது. தளத்தில் நடப்பது நேர்மாறு. சுவர் முழுக்க எழுந்தபின் தலைப்பகுதியில் ஓட்டை போட்டு, நீராகாரம் பதத்தில் கலந்து மேலிருந்து ஊற்றுவார்கள். அதனால் மூன்று கோளாறு வரும். நிலை என்பது கான்கிரீட் வார்க்கும் பலகை அல்ல; நீர்த்த கிரௌட்டின் அழுத்தத்தில் இரு காலும் நடுவில் உள்பக்கம் பிதுங்கும், கதவு நுழையாது. இரண்டாவது, அதிகப்படித் தண்ணீர் உள்ளேயே தங்கி நிலையைப் பின்னாலிருந்து துருப்பிடிக்க வைக்கும். குளிர் நாட்டில் உறையாமல் இருக்கக் கலக்கும் மருந்துகள் அதை இன்னும் வேகப்படுத்தும். மூன்றாவதுதான் ஆபத்து: மேலே ஊற்றியது பூட்டுப்பெட்டியிலோ கீலின் வலுவூட்டித் தகட்டிலோ தடுக்கி நின்று, அதற்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். வெற்றிடம் சரியாகக் கீலுக்கும் பூட்டுக்கும் பின்னாலேயே, ஆய்வகத்தில் ஊஞ்சல் அடித்த அதே இடத்தில், அமையும்.

வெற்றிடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். டைல்ஸ் ஒட்டியபின் தட்டிப் பார்ப்பது போல ஒரு சின்னச் சுத்தியலால் நிலையின் முகத்தைக் கீழிருந்து மேலாக நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தால் போதும். நிரம்பிய இடம் 'தொத்' என்று செத்த சத்தம் கொடுக்கும். வெற்றிடம் 'ணங்' என்று பேசும். பேசுகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்துவைக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் அப்புறம் யாரும் செய்ய விடமாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பல சிறைகளில் மின்பூட்டு கதவில் இருக்காது, நிலையின் காலுக்குள் இருக்கும். நாக்கு நிலையிலிருந்து புறப்பட்டுக் கதவுக்குள் நுழையும். அந்தப் பூட்டுக்கான குழியும் வயர் வரும் குழாயும் கிரௌட் புகாமல் மூடிவைக்கப்பட வேண்டும். மூடியைப் போட மறந்தால் குழி இறுகிவிடும். பிறகு பூட்டுக்காரர் வந்து உளியால் கொத்துவார். கொத்துகிற அதிர்வில் பக்கத்துக் கிரௌட் எல்லாம் தகட்டிலிருந்து விடுபடும். நிரப்ப வேண்டிய இடம் காலியாகவும் காலியாக இருக்க வேண்டிய இடம் நிரம்பியும் இருக்கிற நிலை ஒன்றே போதும், ஆய்வக ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடலாம்.

நிலையை நிறுத்தும்போது மூலை மட்டம், தூக்கு, முறுக்கு எல்லாவற்றிலும் விடப்படும் பிசகு பதினாறில் ஒரு அங்குலம், ஒன்றரை மி.மீ.தான். ஏன் இவ்வளவு கறார்? கதவுக்கும் நிலைக்கும் இடையே விடும் சந்து எட்டில் ஒரு அங்குலம், 3 மி.மீ. சொச்சம். நாக்கு வெளியே வரும் நீளம் முக்கால் அங்குலம், 19 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சந்து 3 மி.மீ. என்றால் 16 மி.மீ. கதவுக்குள் பிடித்திருக்கும். நிலை கோணி சந்து 8 மி.மீ. ஆனால் பிடிமானம் 11. ஐந்து மி.மீ. பிசகுக்குப் பிடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கதவு, பூட்டு, நிலை மூன்றும் தரம் 1 சான்றிதழோடு இருக்கும். சேர்த்து நிற்கும் தொகுதிக்கு அந்தத் தரம் இருக்காது.

கீலைப் பற்றி ஒரு வார்த்தை. கதவு வெளியே திறப்பதால் கீலின் குழல் கூடத்துப் பக்கம் தெரியும். கூடத்திலும் கைதிகள் நடமாடுவார்கள் என்பதால் ஆணியை உருவ முடியாதபடி செய்திருக்க வேண்டும். ஒரு இலையிலிருந்து முளை நீண்டு எதிர் இலையின் ஓட்டைக்குள் நுழைவது போல அமைத்தால், ஆணி போனாலும் மூடிய கதவு கீல் பக்கம் கழன்று வராது. எளிய ஏற்பாடு, விலையும் அதிகமில்லை.

கண்ணாடிக்கு வருவோம். எஃப்1915-ல் மொண்ணையான முனையாலும் கூரான முனையாலும் அடிக்கிறார்கள், சுடரால் சுட்டும் பார்க்கிறார்கள். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கை மட்டும் போட்டால் அடிக்குத் தாங்கும், நெருப்புக்கு இளகும், கீறி மங்கும். கண்ணாடியை மட்டும் போட்டால் கீறலுக்கும் சூட்டுக்கும் பரவாயில்லை, அடிக்கு நொறுங்கும். அதனால் இரண்டையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்கிறார்கள். எந்த அடுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பார்க்காமல் திருப்பி மாட்டிவிடுவது உண்மையாகவே நடக்கிற தவறு. ஓரத்தில் ஒட்டிவரும் 'தாக்கும் பக்கம்' ஸ்டிக்கரைச் சட்டம் பொருத்தி முடியும்வரை கிழிக்காமல் இருந்தால் போதும். கழற்றக்கூடிய சட்டம் ஊழியர் பக்கம் இருக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் நடுவில் முளை உள்ள பாதுகாப்பு ரகமாக இருக்க வேண்டும். பழுதுபார்க்க வந்தவர் இரண்டு ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டுச் தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய சாதாரண ஸ்க்ரூ போட்டுப் போவார். அந்த இரண்டு இடமும் இனி ஒரு நாணயத்தால் திறக்கும்.

சட்டத்துக்குள் கண்ணாடி எவ்வளவு ஆழம் நுழைந்து நிற்கிறது என்பது கண்ணாடியின் தடிமன் அளவுக்கே முக்கியம். அடிபடும்போது கண்ணாடி நடுவில் பிதுங்கும், பிதுங்கினால் ஓரங்கள் உள்ளே இழுபடும். நுழைவு ஆழம் போதாவிட்டால் உடையாமலேயே முழுசாகக் கழன்று விழும். கண்ணாடியைத் தனியே எஃப்1915-லும் சட்டத்தோடு சேர்த்து எஃப்1592-லும் சோதிக்கச் சொல்வதன் நியாயம் புரிகிறது அல்லவா.

தட்டு நுழையும் திறப்பு சின்ன விஷயம் போலத் தெரியும். உயரம் வழக்கமாக 5 அங்குலத்தை ஒட்டியே வைக்கிறார்கள். அந்தச் சோதனைப் பெட்டியின் 5 அங்குலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திறப்பு வெட்டிய இடத்தில் உள் வலுவூட்டிகளும் வெட்டுப்பட்டிருக்கும். சுற்றிலும் பட்டி வைத்துப் பற்றவைத்தால்தான் இழந்த பலம் திரும்பும். திறப்பு இல்லாத கதவைச் சோதித்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு திறப்பு உள்ள கதவை விற்கிறார்கள் என்றால் அந்த ரிப்போர்ட் இந்தக் கதவுடையது அல்ல.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது முதல் பக்கத்தில் இருக்கும் 'தேர்ச்சி' என்ற சொல்லைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். சோதித்த மாதிரியின் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறதா, அதில் தகட்டின் கேஜும் வலுவூட்டிகளின் இடைவெளியும் இருக்கின்றனவா, எந்தப் பூட்டு, எந்தக் கீல், எந்த ஸ்க்ரூ, நிலை எந்தச் சுவரில் எப்படிப் பதிக்கப்பட்டது, சோதித்தது தயாரிப்பாளரின் சொந்தக் கூடமா வெளி ஆய்வகமா. ஆய்வகத்தில் ஒரு பூட்டு, தளத்தில் 'அதற்கு நிகரான' வேறொரு பூட்டு என்று வந்தால், நிகர் என்பதை யார் 600 முறை அடித்துப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். ஐரோப்பாவின் சோதனைத் தரமான இஎன் 1630-ல் ஊஞ்சலுக்குப் பதில் பயிற்சி பெற்ற ஆள் கருவிகளோடு நின்று தாக்குகிறார், ஸ்டாப்வாட்ச் ஓடும். கடப்பாரையின் புத்திசாலித்தனத்தை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் கை மாறும். ஊஞ்சலுக்கு மூளை கிடையாது, 'மூட்' மாறுவதும் கிடையாது. இரண்டு கதவுகளை ஒப்பிட எனக்கு அதுவே மேல்.

இவ்வளவு இறுக்கிய கதவை நெருப்பு வந்தால் திறந்தும் ஆக வேண்டும். அமெரிக்காவில் இதற்கு என்எஃப்பிஏ 101 என்ற தீ, உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு. உள்ளே இருப்பவர் தானாக வெளியே வர முடியாத கட்டடம் என்பதால் ஊழியர் தொலைவிலிருந்து பூட்டைத் திறக்கும் வசதியைக் கேட்கிறது. பத்துக்கு மேற்படாத பூட்டுகள், இரண்டே சாவிகள் என்ற அளவில் இருந்தால் சில வகைக் கட்டடங்களில் கையால் திறப்பதை ஏற்கிறது. மின்சாரம் போனாலும் சாவியால் திறக்க வழி இருக்க வேண்டும். தீத்தடுப்பு முத்திரை பெற்ற கதவாக இருந்தால் அடிச்சந்து முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பின்னாளில் வயர் இழுக்கவோ புதுக் கைப்பிடி போடவோ இஷ்டத்துக்கு ஓட்டை போட்டால் அந்த முத்திரை போயிற்று. ஓட்டை பெரிதானால் அடிதாங்கும் தரமும் கூடவே போகும்.

கதவு மாட்டியபின் அதன் எதிரி ஊஞ்சல் அல்ல, காகிதம். நாக்கு நுழையும் குழியில் நனைத்த டாய்லெட் பேப்பர், சோப்பு, அட்டைத்துண்டு என்று எதையாவது திணித்துவிட்டால் நாக்கு பாதிதான் போகும். கதவு மூடிய சத்தம் கேட்கும். ராத்திரி தோளால் ஒரு இடி இடித்தால் திறந்துகொள்ளும். இதற்காகத்தான் நல்ல அமைப்பில் இரண்டு சென்சார் வைப்பார்கள்: கதவு நிலையோடு வந்து சேர்ந்ததா என்று ஒன்று, நாக்கு முழு நீளம் போய்ப் பூட்டிக்கொண்டதா என்று இன்னொன்று. இரண்டும் ஒத்துக்கொண்டால் மட்டுமே கட்டுப்பாட்டுப் பேனலில் 'பூட்டியது' விளக்கு எரிய வேண்டும். செலவைக் குறைக்க இரண்டாவதை விட்டுவிட்டாலோ, அடிக்கடி தொல்லை கொடுக்கிறது என்று யாராவது வயரைக் கோத்து அதை ஏமாற்றி வைத்திருந்தாலோ, பேனல் பொய் சொல்லும்.

சோதிப்பதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் பேனல் முன்னால், ஒருவர் கதவருகே. கதவருகே இருப்பவர் நாலாக மடித்த அட்டையைக் குழியில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும், பேனலில் இருப்பவர் விளக்கைச் சொல்ல வேண்டும். 'பூட்டியது' என்று எரிந்தால் அந்தக் கதவின் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். அட்டையை எடுக்க மறக்க வேண்டாம்.